பன்னிரண்டாம் பாகத்தைப் பிரிக்கவில்லை

என்னங்க,

நீங்கள் அனுப்பிய துப்பறியும் கதைவரிசையின் பன்னிரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

முதல் பாகத்திலிருந்து வரிசையாக, நீங்கள் அங்கேயும் நான் இங்கேயும் ஒரே வாரத்தில் படிப்பது, பாதிக் கதையிலேயே கொலைகாரன் யாரென்று சொல்வது. இந்த விளையாட்டை ஆரம்பித்தது நீங்கள்தான். பதினோரு தடவையும் நான் சரியாகச் சொன்னேன். "எம் பொண்டாட்டி மூளையே மூளை" என்று நீங்கள் வேலை பார்க்கும் கிடங்கு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

நேற்று போனில், "நீ சொன்னதை மேனேஜர்கிட்ட சொன்னேன். வாட்ச்மேனை வேலையிலேருந்து தூக்கியாச்சு" என்றீர்கள்.

போனை வைத்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் கிடங்கில் பெட்டிகள் காணாமல் போனதைச் சொல்லி, "யாரா இருக்கும், சொல்லு பாப்போம்" என்று நீங்கள் கேட்டபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "நீங்க சொல்வீங்களே, அதிகம் பேசாத அந்த வாட்ச்மேன், அவர்தான்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

ஒவ்வொரு பாகம் வந்ததும் நான் முதலில் படித்தது கடைசி அத்தியாயத்தைத்தான். முதல் தடவை விளையாட்டுக்குச் செய்தேன். நீங்கள் அவ்வளவு பெருமைப்பட்ட பிறகு விட மனசு வரவில்லை.

இந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். மேனேஜரிடம் காட்டுங்கள். கிடங்கே சிரிக்கட்டும். பிறகு வாட்ச்மேன் வீட்டுக்குப் போய், அவர் மனைவி முன்னாலேயே படித்துக் காட்டுங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு போனில் சொல்லிவிடாதீர்கள். சனிக்கிழமை அங்கே வருகிறேன். அவர் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி