முன்வரிசையில் ஒரு சிரிப்பு

திருமானூர்,
புதன்கிழமை.

அன்புள்ள விக்கி அப்பாவுக்கு,

பூங்குழலி எழுதுவது. மஸ்கட்டில் வெயில் ஏறிவிட்டது என்று பிச்சைமுத்து அண்ணன் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். லீவு முடிந்து அவர் நாளை உங்கள் கேம்புக்கே திரும்புவதால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் கத்த ஆரம்பித்துவிடுகிறீர்கள். எழுதினால் முழுவதும் படித்துத்தானே ஆக வேண்டும்.

நீங்கள் ஏற்பாடு செய்த விசா வந்துவிட்டது. திங்கட்கிழமை திருச்சியிலிருந்து விக்கிக்கு டிக்கெட். அவன் ஆண்டிமடத்தில் என் தம்பியின் முந்திரிக்கொல்லையில் இருக்கிறான். பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது. உங்கள் அண்ணன் இளையபெருமாள் மாமா வந்து கேட்டார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதற்குள் உங்களிடம் புகார் வந்திருக்கும். காரணத்தை நான் சொல்லி நீங்கள் கேட்க வேண்டும். இதுவரை நீங்கள் என்னிடம் விசாரித்ததெல்லாம் யார் முதலில் கை வைத்தது என்பதை மட்டும்தான்.

சினிமா விருது விழா எப்போதோ வெளிநாட்டில் நடந்து முடிந்தது. யாருக்கு எது என்று அன்றே எல்லோர் போனிலும் வந்துவிட்டது. தெரிந்த முடிவைப் பார்க்கத்தான், அதை டி.வி.யில் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, நெல் களத்தில் திரை கட்டினார்கள். நீங்கள் ரசிகர் மன்றத் தலைவராக இருந்த காலத்து வழக்கம்தான். இரண்டு மன்றத்துக்கும் சேர்த்து ஒரே திரை, நடுவில் ஒரு கயிறு. இந்தப் பக்கம் நம் தெருப் பையன்கள், அந்தப் பக்கம் அவர்கள் தெருப் பையன்கள். இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, கிரீடம் வைத்த பிளக்ஸ். பெண்கள் நாங்கள் பின்னால் கலந்துதான் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் அக்கா, "என்னடி இது, வெளம்பரத்துக்கு நடுவுல விருது குடுக்குறானுவ" என்றார். சிறந்த நடிகையை அறிவித்ததும், "இவ அழுதா நமக்குல்ல சிரிப்பு வருது, இவளுக்கா?" என்று கேட்க, அந்தத் தெருப் பெண்களும் ஆமாம் போட்டார்கள். முன்னால் பையன்களின் பேச்சு மட்டும் வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. "ஒங்காளு காசு குடுத்துத்தான்டா விருது வாங்குறான்" என்று நம்மவர்கள் கத்த, "ஒங்காளு காசு குடுத்தாலும் எவனும் தர மாட்டான்டா" என்று கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அதற்கு நானும் சிரித்தேன்.

சிறந்த நடிகர் விருது அவர்களுடைய ஆளுக்கு. அவர் மேடைப் படி ஏறும்போது, முன்வரிசையில் நம் ஆள் பக்கத்திலிருந்தவரிடம் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைக் காட்டினார்கள். விக்கி எழுந்து நின்று விசில் அடித்தான். "பாத்தியாடா தலைவன் நக்கல!" என்றான். அந்தப் பக்கம் மொத்தமாக எழுந்தது. அம்சவள்ளி மகன் கலைச்செல்வன் கயிற்றைத் தாண்டி வந்து, செருப்பைக் கழற்றி நம் பிளக்ஸின் முகத்தில் அடித்தான். நம் மோட்டார் பழுதானால் வந்து பார்ப்பானே, பாலிடெக்னிக் படிக்கிறவன், அவன்தான். அதை யாரோ வீடியோ எடுத்து மன்றத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அங்கே கேம்பில் அதே விழாவைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் உடனே பதில் பேசி அனுப்பினீர்கள்.

நீங்கள் பேசியதை விக்கி திரைக்கு வைத்திருந்த ஸ்பீக்கரில் போட்டான். இதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா, தெரியவில்லை. களம் முழுக்க உங்கள் குரல்தான். "கையில என்னடா வளையலா போட்டிருக்கீங்க? செருப்ப தூக்குனவன் முழுசா வூடு போயிச் சேரக் கூடாது." நீங்கள் ஊரில் இருந்து பேசுவது போலவே இருந்தது. ஒரு கணம் நான் திரும்பிப் பார்த்தேன்.

விக்கி பிளக்ஸ் கம்பைப் பிடுங்கினான். அதன் நுனியில் கட்டுக்கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. முதல் அடி கலைச்செல்வனின் தோளில் விழுந்தது. அவன் திரும்பினான், அடுத்தது முகத்தில். திரையில் கைதட்டல் ஓடிக்கொண்டிருந்ததால் அவன் அலறியது கேட்கவில்லை, வாய் திறந்தது மட்டும் தெரிந்தது. கீழே விழுந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். விக்கி அந்தக் கைகளின் மேலேயே அடித்தான். நான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். நிறுத்துடா என்று கத்தினேன். சட்டை கிழிந்து என் கையோடு வந்துவிட்டது. அவன் நிற்கவில்லை. கம்பு முறிந்த பிறகுதான் நின்றான்.

கலைச்செல்வனுக்கு இடது கண் போய்விட்டது. கை விரல்கள் நசுங்கிவிட்டன. வலது கண்ணை இன்னும் சில நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார்கள்.

பேனர் கம்பு காற்றில் சரிந்து விழுந்தது என்று மாமா ஒரு கதை கட்டியிருக்கிறார். அன்று இலைகூட அசையவில்லை. வீடியோ எடுத்தவர்களிடம் போனை வாங்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டார். அவர்கள் தெரு முழுக்க விக்கியின் பெயரைச் சொல்கிறது. நம் தெரு முழுக்க இல்லை என்கிறது. வழக்கு யார் பெயரும் இல்லாமல் கிடக்கிறது. எனக்கும் ஒரு வரி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேனாம், தூசி விழுந்ததாம்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் பையன்கள் அய்யம்பெருமாள் டீக்கடையில் புகுந்து, கொதிக்கிற பாலை அவர் மேல் கவிழ்த்தார்கள். மார்பு, வயிறு, தொடை எல்லாம் தோல் உரிந்து கிடக்கிறார். அவர் படமே பார்க்காதவர். நம் பிளக்ஸின் கயிற்றை அவர் கடைத் தூணில் கட்டியிருந்தது, அதுதான் குற்றம். மறுநாள் நம்மவர்கள் பஸ்ஸை மறித்து, அந்தத் தெருப் பையன் ஒருவனை இறக்கி, முதுகில் பிளேடால் கிழித்து அனுப்பினார்கள். இப்போது நடிகர்கள் பெயரை யாரும் எடுப்பதில்லை. நம்ம தெரு, அவனுவ தெரு என்றுதான் பேச்சு. இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். நம் வட்டாரத்தில் பார்த்ததுதான்.

வெள்ளிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்சவள்ளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அக்கா, நீங்க அங்கதான நின்னீங்க. கம்பு தானா வுழுந்துச்சா?" என்று கேட்டாள். வாங்கிப்போன பழத்தை வைத்தேன். அதை எடுத்து என் பையிலேயே திருப்பிப் போட்டாள். "போயிட்டு வாங்கக்கா, கடைசி பஸ்ஸு போயிடும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்த விழாவைப் போனில் மறுபடி போட்டுப் பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை, பார்க்க வேண்டும் போல் இருந்தது. நம் ஆள் சிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நரைத்த தாடி வைத்த அந்தக் காமெடி நடிகர். ஆனால் அதே நேரத்தில் மேடையில் நின்று விருது கொடுப்பவரும் அவர்தான். ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருப்பார்? அந்தச் சிரிப்பு வேறு எப்போதோ சிரித்தது. டி.வி.க்காரன் வெட்டி அங்கே ஒட்டியிருக்கிறான். விழா முடிந்து பெயர்கள் ஓடும்போது மூலையில் சின்னதாக ஒரு காட்சி வருகிறது. நம் ஆள் எழுந்து நின்று கைதட்டுகிறார், போய் அவரைக் கட்டிப்பிடிக்கிறார். அதைப் பார்க்க நம் களத்தில் யாரும் இல்லை. எல்லோரும் கம்போடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடம் போய் அதை விக்கியிடம் காட்டினேன். உடைந்துபோவான், அழுவான் என்று நினைத்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "எழுந்து கைதட்டுறாரு பாரும்மா. தலைவன் மனசு யாருக்கு வரும்?" என்றான். கலைச்செல்வன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை எல்லோருக்கும் அனுப்பச் சொன்னான். நான் அங்கே வைத்த சோற்றைச் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அவனைக் கெட்டவன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பெற்றவள். ஆனால் திங்கட்கிழமை விமானம் ஏறிவிட்டால், நடந்ததை அவன் ஒருநாளும் நினைத்துப் பார்க்க மாட்டான். அங்கே உங்கள் பக்கத்து மெத்தையில் படுத்துக்கொண்டு அடுத்த வருஷ விழாவைப் பார்ப்பான். அதுதான் எனக்குப் பயம். இங்கே அவர்கள் கையில் சிக்கிவிடுவானோ என்ற பயம் அதற்கு அடுத்ததுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆண்டிமடம் போகிறேன். அவனை அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன். அரியலூரில் ஒரு வக்கீலம்மாவிடம் பேசிவிட்டேன், கூட வருகிறேன் என்றிருக்கிறார். அவன் வரவில்லை என்றால் நான் மட்டும் போவேன். பார்த்ததைச் சொல்வேன், ஸ்பீக்கரில் கேட்டதையும் சொல்வேன். உங்கள் அண்ணன் வீட்டை விட்டுப் போ என்று சொல்லிவிட்டார். நீங்களும் சொல்லலாம். அதற்கும் தயாராகத்தான் இதை எழுதுகிறேன்.

பால்காரிக்குச் சொல்லிவிட்டேன், மாட்டைப் பார்த்துக்கொள்வாள். கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தால் மாமாவிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள், என்னோடு அவர் பேசுவதில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் அவனுக்கு ஒரு முறை பேசுங்கள். "அம்மா கூட போடா" என்று சொன்னால் போதும், வேறு ஒன்றும் விளக்க வேண்டாம். நான் கத்தி அவன் நிற்கவில்லை. நீங்கள் சொன்னால் அவன் செய்வான்.

மற்ற கண்ணாவது அந்தப் பிள்ளைக்குத் தங்க வேண்டும் என்று நீங்களும் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்,
பூங்குழலி.