நாகம்மா பேச்சு காதில் ஏறிய வாரம்

ஜூன் 23, 1957. ஞாயிறு.

காலையிலிருந்து மழை. கொடியில் போட்ட துணி காயவில்லை. மகன் செல்வம் துறைமுக வேலைக்குச் சிங்கப்பூர் போய் நாலு நாள். சனிக்கிழமை வருவான்.

வீட்டில் நான், மருமகள் நாகம்மா, ஒன்றரை வயதுப் பேத்தி லெட்சுமி. நாகம்மா நாங்கள் இருக்கும் இதே காஜா பெராங்கில், பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன செட்டி வீட்டுப் பெண். பெயர் தமிழ், சாமி தமிழ், வாய் மட்டும் மலாய். எனக்காகத் தமிழ் பேசுகிறாள். நீட்ட வேண்டியதைச் சுருக்குவாள், சுருக்க வேண்டியதை நீட்டுவாள். மூன்று வருஷமாக அவள் வாயைத் திறந்தால் நான் செல்வத்தைப் பார்த்து, "என்னடா சொல்றா?" என்பேன். இப்போது அவன் இல்லை. கையைக் காட்டித்தான் காரியம் ஓடுகிறது.

ஜூன் 24. திங்கள்.

வெயில். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய் வாங்கப் போனோம். கடையில் நாகம்மா (நா. போதும்) என்னிடம் ஏதோ சொன்னாள். இரண்டு தரம். நான் கடைக்கார ராவுத்தரிடம் திரும்பி, "இவ என்ன பாஷை பேசுறான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன். கடையே சிரித்தது. சாமான் வாங்க வந்த ஒருத்திதான் சொன்னாள்: "மொளகாயில வண்டு இருக்காம் பாட்டி, பாத்து வாங்கச் சொல்லுது." வீம்புக்கு அதையே வாங்கினேன்.

வழியெல்லாம் நா. எனக்கு நாலடி முன்னால் நடந்தாள்.

ஜூன் 25. செவ்வாய்.

நா. குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போனாள். மூன்று தெரு தள்ளி. பழம் காய்க்கும் மாதத்தில் அங்கே செத்தவர்களுக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். வெள்ளிக்கிழமை. அதற்குத்தான் போகிறாள் என்று இருந்தேன். பெட்டியைத் திறந்தால் லெட்சுமி சட்டை ஒன்றுகூட இல்லை.

மிளகாயில் நிஜமாகவே வண்டு.

ஜூன் 26. புதன்.

மேகமூட்டம். முழங்கால் வலி. பக்கத்து வீட்டுப் பாத்திமா வேலிப் பக்கம் வந்து சொன்னாள்: "'மாமி வூட்டுல நான் ஊமை'ன்னு அழுவுதாம் ஒங்க மருமவ. செல்வம் வந்தா தனி வூடு பாக்கச் சொல்லப் போவுதாம்."

லெட்சுமி இப்போதுதான் பேச ஆரம்பிக்கிறாள். அம்மா பேச்சுதான் வரும். அதுவும் எனக்குப் புரியாதோ?

அழைக்க அங்கே போகமாட்டேன். கல்யாணத்தில் சம்பந்தி என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தாள். மீன் தீர்ந்துபோய் வால் துண்டு. பச்சைப் புடவை கட்டியிருந்தாள் அன்று.

ஜூன் 27. வியாழன்.

போனேன். குழந்தையைப் பார்க்கத்தான்.

சம்பந்தி, அவள் அக்கா, இன்னும் ஐந்து பெண்கள். என்னை அம்மியில் அரைக்க உட்கார வைத்துவிட்டார்கள். எனக்காக எல்லோரும் தமிழ். ஏழு வாயிலும் நா.வின் அதே இழுப்பு, அதே வெட்டு. முதலில் தகரக் கூரையில் மழை மாதிரி. ஆனால் மஞ்சள், புளி, தேங்காய் எல்லாம் கண் முன்னால் இருக்கிறது, என்ன கேட்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்ததை அவர்கள் வாயில் கேட்கக் கேட்க, தெரியாததும் பிடிபட்டது. மத்தியானத்துக்குள் பாதி.

மூன்று வருஷம் வராதது ஒரு நாளில் வருகிறது. மூன்று வருஷம் கேட்டேனா? செல்வம் முகத்தை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

நா. மட்டும் எனக்கு முதுகைக் காட்டி அடுப்புப் பக்கமே நின்றாள்.

ஜூன் 28. வெள்ளி.

சம்பந்தி வீட்டு நடு அறையில் பாய் விரித்து வரிசையாக வாழை இலை. சோறு, மீன், கறி, டுரியான், மங்குஸ்தீன். எல்லோரும் நின்றார்கள். படைத்தாயிற்று, இனி பந்தி என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்த வால் துண்டு ஞாபகம். இந்தத் தடவை நான்தான் முதல் பந்தி. போய் ஓர் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

நா. பக்கத்தில் வந்து குனிந்தாள். "மாமி, இது செத்தவங்க எல. சாமி கும்ட்டு, கதவு சாத்தி, அவங்க சாப்ட்டு சுடா, பொறவுதான் நம்ம." சுடா என்றால் ஆயிற்று. ஒரு தரம்தான் சொன்னாள். அர்த்தம் கேட்க நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கூசிக்கொண்டு எழுந்தேன். சம்பந்தியின் அக்கா, "சாவறதுக்கு அவ்ளோ அவசரமா, பேசான்?" என்றாள். சம்பந்தியை அவர்கள் பேசான் என்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நா.வும்.

அப்போதுதான் இலையைப் பார்த்தேன். கத்தரிக்காய் கருவாட்டுக் குழம்பு. மற்ற இலைகளில் இல்லை.

"இது யாரோட எல?"

"மாமாக்கு."

போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரர். மாப்பிள்ளை வீட்டு ஆளுக்கு இங்கே இலை போடும் வழக்கம் இல்லையாம். நா.தான் கேட்டு, வருஷா வருஷம் போடுகிறாளாம். அவருக்குக் கத்தரிக்காய் கருவாடு என்றால் உயிர் என்று அவள் வந்த புதிதில் ஒரு தரம் சொன்னேன். என் ஓட்டை மலாயில், எரிச்சலோடு. ஒரு தரம்தான்.

"ஒங்க மலாய் எனக்கு எல்லாம் புரியும் மாமி. நீங்கதான்..."

கதவைச் சாத்தினார்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே இரண்டு பேரும் நின்றோம். "வீட்டுக்கு வா" என்றேன். தமிழிலும் சொன்னேன், மலாயிலும் சொன்னேன்.

ஜூன் 29. சனி.

வெயில். துணி காய்ந்தது. நா.வும் குழந்தையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். மத்தியானம் செல்வம். அடுப்படியிலிருந்து நா. ஏதோ சொன்னாள். அவன் வழக்கம்போல், "அம்மா, அவ என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும்டா. நீ போய்க் கால் கழுவு."

நல்ல மிளகாய் வாங்க வேண்டும். நா.வை அழைத்துப் போக வேண்டும்.

நேற்றுப் பந்தியில் சம்பந்தி எனக்கு மீன் தலை வைத்தாள். வால் துண்டை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

லெட்சுமி மடியில் ஏறி என்னவோ சொன்னாள். மூன்று பேருக்குமே புரியவில்லை. "இன்னொரு தரம் சொல்லு" என்றேன்.