மஸ்கட்டுக்குத் தெரிந்த காவேரி

ஆடி 11, வியாழன்

ஒன்று சொல்கிறேன் ரங்கநாதா, நீ படுத்த இடத்திலிருந்தே எல்லாரையும் பார்த்துவிடுகிறாய், உனக்கு செல் வேண்டாம். எனக்கு வேண்டியிருக்கு.

விடிந்ததிலிருந்து ஆடிக் காற்று. கொடியில் போட்ட துணி பாதி அடுத்த வீட்டில்.

சாயங்காலம் மேல் வீட்டு ஜோஸ்பின் டீச்சர் வந்து புது செல்லில் ஆப் போட்டுக் கொடுத்தார். மஸ்கட்டில் எல்லா ஆப்பிலும் பேச முடியாதாம். அங்கே ஓடுவது இதுதான் என்று அங்கே வேலை பார்க்கிற என் வீட்டுக்காரரே பேர் அனுப்பியிருந்தார். வைபை போன வாரமே வந்தாச்சு.

டீச்சர் சொன்னது, மறக்காமல் இருக்க:
பச்சை, எடுக்க. சிவப்பு, வைக்க.
உன்னைப் பார்க்கிற கண் முன்பக்கம். ஊரைப் பார்க்கிற கண் பின்பக்கம். வளைந்த அம்பை அமுக்கினால் மாறும்.
வெளியூர் போனால் வைபை கிடையாது. நெட் ஆன்.
காதில் வைக்கக் கூடாது!

"காதுல வச்சா அண்ணன் உங்க தோட்டைத்தான் பாப்பாரு அக்கா."

"பாக்கட்டுமே டீச்சர். அவர் வாங்கிக் குடுத்ததுதானே."

இவர் வந்துபோய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. பங்குனியில் நான் காய்ச்சலில் கிடந்ததைச் சொல்லவே இல்லை. முடி கொட்டி, கன்னம் ஒட்டி, ரவிக்கை எல்லாம் பிடித்துத் தைத்து... கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்களாம். அடுத்த சனிக்கிழமை பதில் சொல்லணுமாம். வந்துடுங்க என்று என் வாயில் வராது. எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றுதான் வரும். முகத்தைப் பார்க்கட்டும். பார்த்தால் வந்துவிடுவார்.

ஆடி 12, வெள்ளி

தலைக்குக் குளித்து, வீடு துடைத்து, கிரைண்டர், மிக்ஸி, பிரிட்ஜ், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். தாயார் சன்னிதியில் கூட்டம், தள்ளுமுள்ளு. கால் வலி.

ராத்திரி எட்டரைக்குக் கூப்பிட்டேன். அங்கே ஏழு. நான் பச்சைப் புடவை, தலையில் மல்லி.

வந்தார்! ரங்கநாதா, நெற்றி எவ்வளவு மேலே போய்விட்டது இவருக்கு. பின்னால் கட்டில், ஆணியில் உன் காலண்டர். அதே டம்ளர், ஊரிலிருந்து எடுத்துப்போனது.

"என்னங்க, தெரியுதா?"

 செல்லைக் கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார்.

"தெரியுது, தெரியுது. நல்லாத்தான் இருக்கே ரெங்கு."

"இளைச்சிட்டேனா?"

"இல்லையே. அப்படியே இருக்கே. அரக்குப் புடவை எடுப்பா இருக்கு."

பச்சையை அரக்கு என்கிறார். கண் டாக்டரிடம் காட்டச் சொல்லணும். என் செல்லில் மூலையில் சிவப்பாக ஒரு சின்னக் கட்டம் வந்துகொண்டே இருந்தது. ஏதோ பட்டன், தொடவில்லை.

அப்படியே இருக்கேனாம்.

ஆடி 14, ஞாயிறு

துறையூர் பஸ். பச்சைமலை அடிவாரத்தில் தங்கை வீடு. நெட் நானே ஆன் பண்ணினேன், யாரையும் கேட்காமல்! ஜன்னல் சீட். இவரே கூப்பிட்டார். வெயில் நேரே முகத்தில். இப்போதாவது கன்னம் தெரியட்டும் என்று நிமிர்த்திப் பிடித்தேன்.

"முகம் நல்லா செவந்திருக்கே ரெங்கு."

"வெயிலுங்க. வேற ஒண்ணும் தெரியலையா?"

"வேற என்ன? எனக்கு நீ எப்பவும் ஒரே மாதிரிதான்."

கண்டக்டர்: "அம்மா, சத்தத்தைக் கொறைங்க. சார் புகழ்றதைக் கேட்டு எங்க டிரைவர் கியர் போட மறந்துட்டாரு."

பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

தங்கை வாசலிலேயே, "என்னக்கா, இப்படி உருக்குலைஞ்சு போயிட்டே!" ஒரே அழுகை. இவளுக்குத் தெரிகிறது. அங்கே டவர் கிடையாது. மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தாள். பாதிக்கு மேல் தின்னவில்லை.

ஆடி 18, வியாழன்

பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறை, தலை மேல் தலை. காப்பரிசி, கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் எடுத்துப்போனேன். டீச்சரும் வேடிக்கை பார்க்க வந்தார். புதுக் கயிறு கட்டிக்கொண்டு இவரைக் கூப்பிட்டேன். தண்ணீர் காட்டலாம் என்று வளைந்த அம்பை அமுக்கினேன்.

இவர் குரலே மாறிவிட்டது.

"ஏ யப்பா! ரெண்டு கரையும் தொட்டுப் போகுதே! அந்தா, மூணாவது படியில யாரோ வச்ச பழத்த ஆடு தின்னுது பாரு, வெரட்டு வெரட்டு! டீச்சரம்மா, சௌக்கியமா? வெள்ளச் சேலை, நீங்கதானே?"

ஆட்டின் கழுத்துக் கயிறு கூடத் தெரிகிறதாம்.

அம்பை அமுக்கி என் பக்கம் திருப்பினேன். என் கழுத்துக் கயிற்றைக் காட்ட.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ரெங்கு... காவேரியவே காட்டேன். இன்னும் கொஞ்ச நேரம்."

காட்டினேன். கை கடுக்கிற வரைக்கும்.

"ஏன்க்கா கண்ணு கலங்குது?" என்றார் டீச்சர்.

"காத்து, டீச்சர். மண்ணு விழுந்துடுச்சு."

ஆற்றுக்கு இப்படி ஒரு குரல். ஆட்டுக்குக் கூட. எனக்கு 'நல்லாத்தான் இருக்கே'.

ஆடி 19, வெள்ளி

காற்றே இல்லை. புழுக்கம். பால் திரிந்துவிட்டது.

காலையில் இவர் குரலில் ஒரு செய்தி. திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"நாளைக்கு ஆபீஸ்ல பதில் சொல்லணும் ரெங்கு. உன் கொரல் தெம்பாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடவா? இல்ல, வந்துடவா? நீ சொல்லு."

உங்க இஷ்டம் என்று அனுப்பிவிட்டேன். பார்த்தும் தெரியாதவரிடம் வாய்விட்டுச் சொல்லி என்ன? சொல்லு ரங்கநாதா.

வீடு துடைத்தாச்சு. போன வாரத்துப் பொட்டெல்லாம் காய்ந்து கறுத்துக் கிடக்கிறது. ஈரத்துணியால் கிரைண்டர் ஆச்சு. மிக்ஸி, பிரிட்ஜ், மிஷின் ஆச்சு. செல் பாக்கி. புதுசாச்சே என்று போன வெள்ளி அதற்கும் வைத்தேன். முகப்பில் மேலே நடுவில் ஒரு சின்னக் கறுப்பு வட்டம், பொட்டுக்கென்றே விட்ட இடம் மாதிரி. அதன் மேல் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தது. இன்னும் அப்படியே இருக்கு.

அன்றைக்கு டீச்சர், "இதுதான் உங்களைப் பாக்குற கண்ணு" என்று விரல் வைத்துக் காட்டியது அந்த வட்டத்தைத்தான்.