சந்தனப் பொட்டு வைத்த துவக்கு

வில் நகரம்,
22.9.1986

அன்பின் அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நேற்று நீங்கள் ரயிலேறியபின் ஆரணி கதவடியில் நின்று தேடினாள். நீங்கள் அவளைத் தூக்கியபோது உங்கள் கையில் வெடிமருந்து மணம். சவர்க்காரம் போட்டதாகச் சொன்னீர்கள். எனக்கு மணந்தது.

"திருகாணி செய்யிற இடம்" என்றுதானே இவ்வளவு நாளும் சொன்னீர்கள்? துவக்குத் திருத்தும் பட்டறை என்று நேற்றுத்தான் வாயில் வந்தது. என் தம்பி செல்வன் ஊரில் எங்கள் வீட்டுப் படலையடியில் சுடுபட்டு விழுந்து இரண்டு வருடம் ஆகவில்லை. அவனைச் சுட்ட துவக்கையும் யாரோ ஒருவர் நேராகச் சுடும்படி பார்த்துக் கொடுத்திருப்பார்தானே.

அகதிகளைப் பங்கிடுகிற இந்த நாட்டு அதிகாரிகள் உங்களைப் பேர்ன் மாநிலத்துக்கும் எங்களை இங்கேயும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். நிரந்தர வேலைக் கடிதம் இருந்தால்தான் ஒன்றாக இருக்கக் கேட்கலாம். தெரியும். ஆனாலும் வேறு வேலை தேடுங்கள்.

சுமித்ரா

பீல், பேர்ன் மாநிலம்,
27.9.1986

அன்பின் சுமித்ராவுக்கு,

பயப்படுவீர் என்றுதான் சொல்லவில்லை. இது குழல்வாயால் மருந்தும் ஈயக்குண்டும் போட்டு இடிக்கிற பழைய சாதித் துவக்கு. இங்கத்தைய சுடும் கழகக்காரர் விளையாட்டுக்குக் கடதாசி அட்டையில் சுடுவார்கள். ஒருவர் தன்னுடையதற்கு குறிபார்க்கும் ஸ்கோப் கண்ணாடி பூட்டியிருக்கிறார். குறி தெளிவாகத் தெரிகிறது. குண்டோ ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். சுடுவது முதலாளி ஷ்டுக்கி. மருந்திடுவதும் இறுக்குவதும் நான்.

"குகா, இதைத் திருத்தினால் நீ இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் அடுத்த மாதத்தோடு சரி" என்கிறார். வேறு இடங்களிலும் கேட்டேன். பாத்திரம் கழுவவும் ஆள் வேண்டாமாம்.

மருந்தைக் கூட்டினேன், குண்டைச் சுற்றும் சீலையை மாற்றினேன், கண்ணாடியை இறுக்கினேன். ஒன்றும் பிடிபடவில்லை. பௌதிகம் படித்தவர் நீர். கோபம் ஆறினால் ஒரு வழி சொல்லும்.

குகதாசன்

வில்,
2.10.1986

அன்பின் அத்தானுக்கு,

கோபம் ஆறவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது பிழையென்று எப்படித் தெரியும்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சுடச்சுடக் குழலுக்குள் கரி படியாதா? ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.

ஆயுத பூசை வருகிறது. அந்தத் துவக்குக்கும் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிடுங்கள். ஓர் உயிருக்கும் தீங்கு செய்யாதே என்று அதற்குச் சொல்லுங்கள். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்காகச் செய்யுங்கள்.

சுமித்ரா

பீல்,
14.10.1986

அன்பின் சுமித்ராவுக்கு,

துடைத்தபின் குண்டெல்லாம் ஓர் ஐந்து பிராங்குக் காசுக்குற்றி அளவுக்குள் விழுந்தன. ஷ்டுக்கி என் முதுகில் தட்டினார். பூசையும் செய்தேன். ஆட்கள் சிரிக்கக்கூடாதென்று கண்ணாடியைக் கழற்றி, அது பொருந்தும் தவாளிப்புக்குள் பொட்டு வைத்துக் கும்பிட்டுத் திரும்பப் பூட்டினேன்.

இன்று மறுபடியும் அங்குமிங்கும் போகிறது. அதே மருந்து, அதே சீலை, குழலும் துடைத்தபடி. நான் ஒன்றையும் மாற்றவில்லை. சனிக்கிழமை சொந்தக்காரர் வருகிறார். உம்மை இங்கே கூப்பிடும் யோக்கியதை எனக்கு இல்லைப் போலிருக்கிறது.

குகதாசன்

வில்,
16.10.1986

அன்பின் அத்தானுக்கு,

ஒன்றை மாற்றியிருக்கிறீர்கள். சந்தனம். அது காய்ந்து கட்டியாகிக் கண்ணாடியைச் சமமாக இருக்கவிடாது. வெடி அதிர அதிர உதிர்ந்து, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் சாய்க்கும். சுரண்டித் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

இந்தக் கடிதத்தை அனுப்பாவிட்டால் துவக்கு உங்கள் கையை விட்டுப் போய்விடும். அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் நேற்று ஆரணி தபால்காரரைப் பார்த்து "அப்பா" என்றாள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு துவக்கு நேராகச் சுடவேண்டும் என்று கும்பிடுகிறேன். செல்வனின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சுமித்ரா

பீல்,
18.10.1986

அன்பின் சுமித்ராவுக்கு,

நேராகச் சுட்டது.

உமது கடிதம் வந்ததும் நேற்றே கழற்றினேன். ஷ்டுக்கி மஞ்சள் சந்தனத்தை எட்டிப் பார்த்து, "ஆர் துவக்குக்குக் கடுகுக் களி பூசினது?" என்றார். மனுசி சொன்ன பூசை, பிழையைப் பிடித்ததும் அவதான் என்றேன். "அப்ப அவவைத்தான் வேலைக்கு எடுக்கவேணும்" என்று முணுமுணுத்தார். இன்று வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

சொந்தக்காரர் ஒருதரம் சுட்டுப் பார் என்று துவக்கை நீட்டினார். திருத்துவேன், சுடமாட்டேன் என்றேன்.

திங்கள் விண்ணப்பம் கொடுக்கிறேன். ஒரு வீடும் பார்த்தேன். சின்னது. செல்வனின் படத்துக்கு வெளிச்சமான சுவர் இருக்கிறது. வாசற்கதவைத் திறந்த உடனே தண்ணீர்க் குழாய். பிள்ளையைத் தூக்கமுன் கை கழுவலாம்.

குகதாசன்