அகர்தலா ஒரு மணி நேரம்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து மழை. மொட்டை மாடித் துணியெல்லாம் போச்சு. வியாழக்கிழமை மகன் ரகு வருகிறான், அகர்தலாவிலிருந்து. ஆபீஸ் வேலையாம். சாயங்காலம் வந்து விடிகாலை கிளம்பிவிடுவான், எப்போதும் போல. "பயணத்துலயே ஒரு நாள் போயிருதும்மா" என்பான்.

நானும் நம்பினேன். ஒரு தடவை என்னை ரயிலில் அங்கே கூட்டிப்போனான். கௌஹாத்தி வழியாக, மலையெல்லாம் சுற்றி, இரண்டு ராத்திரி. கால் வீங்கிவிட்டது. விமானமும் அந்தச் சுற்றுத்தான் சுற்றும் என்று நினைத்திருந்தேன்.

மாடி வீட்டு மிதா சிரித்தாள். தங்கையைப் பார்க்கக் காலையில் அகர்தலா போனவள், ராத்திரிச் சமையலுக்குத் திரும்பிவிட்டாளாம். "ஏக் கொண்டா, மாஷிமா!" ஒரே ஒரு மணி நேரம். பங்களாதேஷ் மேலே நேராகப் பறக்குமாம். இங்கே சால்ட் லேக்கிலிருந்து, ஊருக்குள்ளேயே இருக்கிற லேக் மார்க்கெட் போய்ப் பெருங்காயம் வாங்கி வர அதைவிட அதிகம் ஆகும்.

நாளைக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

போனில் கேட்டேன்.

"ஏல, பிளேன் எவ்வளவு நேரம் பறக்கும்?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

"செக்-இன், செக்யூரிட்டி, அது இதுன்னு..."

ஏர்போர்ட் இங்கிருந்து பக்கம். மீதிப் பகல் எங்கே போகிறது? அலிப்பூர். இதே ஊரில் இருக்கிற அவன் மாமியார் வீடு. வேறெங்கே. கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தவள். பாயசம் தீர்ந்துவிட்டது என்றாள். அன்று அவள் கட்டியிருந்தது அரக்குப் புடவை, மாங்காய்க் கரை. மறப்பேனா.

வாங்க: பால், வெண்டைக்காய், புளி.

ஜூலை 17, வியாழன்

விடிந்ததிலிருந்து கொட்டி, மத்தியானம் நின்றது. பிறகு நல்ல வெயில். தெரு காய்ந்துவிட்டது. ஆறு மணிக்கு வந்தான்.

"இப்பத்தான்மா இறங்குனேன். நேரா வாரேன்."

டாக்சி வாசல்வரை வந்தது. ஷூ மட்டும் ஊறிக் கிடக்கிறது. பேண்டில் முழங்கால் வரை சேற்றுக் கறை. காபி கொடுத்தேன். இரண்டு வாய் குடிக்கட்டும்.

"அலிப்பூர்ல தண்ணி வடிஞ்சிட்டா, ஏல?"

"எங்க வடிய, முழங்காலுக்கு..." நிறுத்திவிட்டான்.

"காலையிலயே வந்துட்ட."

"ஆமா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமாம்மா."

"அப்படி என்ன விருந்து வைக்கா உன் மாமியா?"

"விருந்தெல்லாம் இல்ல. ஆபீஸ் வேலைய முடிச்சிட்டுப் போய்த் தூங்குவேன்."

"இங்க கட்டில் இல்லையோ?"

"இருக்கு. நீ தூங்க விடணும்லா? படுத்த உடனே பத்து வருசத்துக்கு முந்தி நான் பேசுனத எடுத்துருவ. அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கதவச் சாத்திட்டுப் போயிருவாங்க."

டம்ளரை அவனே கழுவி வைத்தான். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. சாப்பிடும்போது, அவன் காலேஜில் சேர்ந்த வருஷம் சொன்ன ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. அப்பளத்தை எடுத்துக் கடித்துக்கொண்டேன்.

ஜூலை 18, வெள்ளி

வெயில். விடிகாலை விமானம் என்றிருந்தான். மணி பத்து. இன்னும் தூங்குகிறான். அதுவும் பொய்யா, தவறவிட்டானா, தெரியவில்லை.

மிதா தயிர் கேட்டு வந்து சத்தமாக, "ரகு போகலையா?" என்றாள். வாயில் விரல் வைத்துக் காட்டி, அவன் அறைக் கதவைச் சாத்தினேன். மிக்ஸி போடவில்லை. இட்லிக்குப் பொடிதான்.

பாயச விஷயம் வேறு. அது அப்படியே இருக்கிறது.

கதவிடுக்கில் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். அலிப்பூரிலும் இப்படித்தானா? எழுப்பி, எந்த விமானம் என்று கேட்கவில்லை.