சீட்டு இல்லாமல் தொட்டிக்கு வந்த குடுவை

அனுப்புநர்:
தற்காலிகக் கழுவும் பணியாளர்,
தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம்.

பெறுநர்:
பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: என் வீட்டுக்காரர் உயிரைக் குடித்த தொட்டியில் மறுபடியும் சீட்டில்லாத குடுவை வைத்திருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் வீட்டுக்காரர் இங்கே கண்ணாடிக் குடுவைகள் கழுவி வந்தார். பழைய மருந்து ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அடுத்த சோதனை கெட்டுவிடும் என்பார். கழுவிய கண்ணாடியில் தண்ணீர் ஒரே ஏடாகப் படிய வேண்டும், முத்து முத்தாக நின்றால் அழுக்கு என்பார். வீட்டு டம்ளரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "முத்து நிக்குதே மகாராணி!" என்பார். "இது வீடு, உங்க லேப் இல்ல" என்பேன். இப்போது நான்தான் தூக்கிப் பார்க்கிறேன்.

2. குடுவையைப் பயன்படுத்தியவர் உள்ளே இருப்பதை அகற்றிவிட்டு, என்ன இருந்தது என்று சீட்டு ஒட்டித்தான் தொட்டியில் வைக்க வேண்டும். கூடத்தின் விதி அது. அவருக்கு விபத்து நடந்த அன்று ஒரு குடுவை சீட்டில்லாமல் வந்தது. பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். வழக்கம்போல் குழாயில் பிடித்தார். உள்ளே இருந்தது காட்டமான ஆசிட். தண்ணீர் பட்டதும் கொதித்து முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரியில் கட்டுக்கு வெளியே விரல்கள் மட்டும் தெரிந்தன. அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பிழைக்கவில்லை.

3. "பணியாளரின் கவனக்குறைவு" என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். சீட்டு ஒட்டாதது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

4. அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். மகள் படிக்கிறாள், வேறு வழியில்லாமல் வந்தேன். இன்று காலை அதே தொட்டியில் சீட்டில்லாத குடுவை ஒன்று, பாதி நிறைந்து இருந்தது. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "பாத்துக் கழுவும்மா, இதுக்கெல்லாம் பயந்தா வேலைக்கு வரலாமா?" என்றார். நான் அதைக் கழுவவில்லை ஐயா. என் மகளுக்கு இனி நான் ஒருத்திதான்.

5. என் வீட்டுக்காரர் மேல் போட்ட அந்தப் பழியைத் தயவுசெய்து நீக்க வேண்டும். சீட்டில்லாத எதுவும் தொட்டிக்கு வரக்கூடாது என்று உத்தரவிட வேண்டும். அந்தக் குடுவையில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. "யாரும் தண்ணீர் விடாதீர்கள்" என்று நானே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். மருந்துகளைப் பற்றித் தெரிந்த ஒருவரை அனுப்பி எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
இறந்துபோன கழுவும் பணியாளரின் மனைவி

நாள்: மார்ச் 12
இடம்: கழுவும் அறை