விளாவிய தண்ணீர்

இன்று காலை தேவகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஊருணிக்கரையில் பிளீச்சிங் பவுடர் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. நெடிதான் காரணம் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தினோம். ஒரு சொட்டு ஊருணித் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்து, "இங்குட்டு வந்து பாருடி" என்று என்னை இழுத்தாயே! ஓர் அமீபா. அதன் உடம்புக்குள் பேதியைக் கொண்டுவரும் ஒட்டுண்ணியின் முட்டைகள், செரிக்காமல், உருண்டை உருண்டையாக.

"முழுங்கிட்டான், செமிக்க முடியல. சொமந்துக்கிட்டுத் திரியிறான். பிளீச்சிங் பவுடர் போட்டாலும் உள்ள இருக்கிறவன் ராசா மாதிரி இருப்பான். காச்சுனாத்தான் ரெண்டு பேரும் சாவாங்க" என்று சிரித்தாய்.

உனக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்கத் தந்த மாத்திரைகள் உன் எதிர்ப்புச் சக்தியை வழித்தெடுத்துவிட்டன. பேதி வந்தால் நிற்காது என்று மதுரை டாக்டர் எச்சரித்தார். அன்றிலிருந்து உன் வீட்டுக்காரர் வேறு யாரையும் அடுப்படிக்குள் விடவில்லை. தானே தண்ணீர் காய்ச்சினார். அப்படி ஒரு பாசம், பாவி மனுஷருக்கு.

ஆனாலும் பேதி வந்தது. நீ எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது பார்க்க வந்திருந்தேன். அவர் வெந்நீரை அடுப்படியிலிருந்து கொண்டுவந்து டம்ளரில் ஊற்றினார். "நாக்கு வெந்துருமே" என்று, குளிக்க விளாவுவதைப்போல, பானையில் இருந்த பச்சைத் தண்ணீரைப் பாதிக்குக் கலந்து நீட்டினார். இத்தனை மாதமும் அடுப்படியில் இதைத்தான் செய்திருக்கிறார்! நான் வாயைத் திறக்குமுன் நீ என் கையை அழுத்தினாய்.

"சூடாவே குடிக்கணும்போல இருக்கு. இனிமே விளாவாதீக" என்று மட்டும் அவரிடம் சொன்னாய். அவர் வேறு தண்ணீர் எடுக்கப் போனதும், "சொல்லிராதடி. இனி நான் பொழைக்கப் போறதில்ல. தெரிஞ்சா அவுக உசிரோட இருக்க மாட்டாக" என்றாய். அடுத்த வாரம் போய்விட்டாய்.

இன்றும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கிழவராகிவிட்டார். எப்போது போனாலும் கேட்பதையே கேட்டார்: "காச்சித்தானே குடுத்தேன் டீச்சர். பெறகு எப்படி அவளுக்கு..?"

"நீங்க காச்சித்தாண்ணே குடுத்தீக" என்றேன்.

தலையாட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் யாரிடமடி சொல்லி அழுவேன்?